முத்து எதனால் இறந்தான்?

அன்புள்ள யாழினி,

நீ ட்வைன் என்ற கிளைக்கதை மென்பொருளில் செய்து அனுப்பிய பாம்புக்கடி விளையாட்டை ஆடிப் பார்த்தேன். வயலில் முத்துவைப் பாம்பு கடிக்கிறது. கயிற்றால் இறுக்கிக் கட்டலாம், பிளேடால் கீறலாம், மந்திரிப்பவரிடம் போகலாம், அரசு மருத்துவமனைக்கு ஓடலாம். கடைசியைத் தவிர எதைத் தொட்டாலும் ‘முத்து இறந்துவிட்டான், மறுபடி ஆடு’ என்று வருகிறது. இரண்டாம் ஆட்டத்தில் எல்லோரும் சரியான பொத்தானை அமுக்கிவிடுவார்கள். கயிறு கட்டினால் என்ன கெடும் என்று தெரியாமலே ஜெயித்தும் விடுவார்கள்.

தப்பான தேர்வையும் பாடமாக்க ஒரு பழைய வழி உண்டு. 1950களில் அமெரிக்க விமானப் படைக்காக, கருவிகளில் பழுது கண்டுபிடிக்க ஆட்களைப் பழக்கியவர் நார்மன் கிரவுடர். அவர் செய்த பாடப்புத்தகங்களில் பக்கங்கள் வரிசையாக ஓடாது. நீ எந்த விடையைத் தேர்ந்தாயோ அதற்குரிய பக்கத்துக்குப் போக வேண்டும். தப்பான விடையின் பக்கம், எங்கே பிசகினாய் என்று விளக்கிவிட்டுப் பழைய கேள்விக்கே திருப்பி அனுப்பும். என்னைக் கேட்டால், அந்தத் தப்புப் பக்கங்கள்தான் புத்தகத்தின் உயிர்.

உன் கயிற்றுக் கிளையையும் அப்படி வளர்த்துப் பார். கட்டியதும் ‘இனி விஷம் ஏறாது’ என்று வீட்டார் ஆறுதலடையட்டும். அந்தத் தெம்பில் நேரம் போகட்டும். கட்டுக்குக் கீழே ரத்தம் ஓடாமல் கால் கறுக்கட்டும். கட்டைச் சட்டென அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறிவிடலாம் என்று மருத்துவர் எச்சரிக்கட்டும்.

மந்திரிப்புக் கிளைதான் சிக்கல். அதில் முத்து சில ஆட்டங்களில் பிழைக்க வேண்டும். விஷப் பாம்பே கடித்தாலும் விஷம் இறங்காத கடிகள் உண்டு; கடித்தது வெறும் சாரையாகவும் இருக்கலாம். பிழைத்தவர் ஊரெல்லாம் சொல்வார், இறந்தவர் சொல்ல வரமாட்டார். நீ எப்போதும் சாவையே காட்டினால், மந்திரித்துப் பிழைத்த தாத்தாவை அறிந்த பிள்ளை உன் விளையாட்டை நம்பாது. ஆகவே முத்து பிழைத்த முடிவில், கடித்தது எது, விஷம் இறங்கியதா என்பதை வெளிப்படுத்து. எத்தனை ஆட்டத்தில் பிழைப்பான் என்பதையும் ஊகத்தில் வைக்காதே. 1971-ல் மினியாபொலிஸ் வகுப்பறையில் பிறந்த ‘ஒரிகன் டிரெயில்’ விளையாட்டை டான் ராவிட்ச் 1974-ல் திருத்தியபோது, நோயும் விபத்தும் எவ்வளவு அடிக்கடி வர வேண்டும் என்பதை, ஒரிகன் பாதையில் உண்மையாகவே மாட்டுவண்டியில் போனவர்களின் நாட்குறிப்புகளைப் படித்துத்தான் அமைத்தார். நீயும் ஒரு மருத்துவரைக் கேட்டு விகிதம் வை.

கிளைகள் பெருகுமே என்று கேட்பாய். இரண்டிரண்டாகப் பத்து முறை பிரிந்தால் 1024 முடிவுகள், யார் எழுதுவது? எல்லாவற்றையும் மருத்துவமனை வாசலில் சேர்த்துவிடு. எவ்வளவு நேரம் போயிற்று, கயிறு கட்டினார்களா என்ற இரண்டை மட்டும் ட்வைன் நினைவில் வைத்திருக்கட்டும். உள்ளே நடப்பது அதற்கேற்ப மாறும்.

கட்டுவிரியனை விட்டுவிட்டாயே! இரவில், தரையில் பாய் விரித்துப் படுத்தவரைக் கடிக்கும். பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. ‘ஏதோ பூச்சி, தூங்கு’ என்ற தேர்வு நியாயமாகவே தோன்றும். சில மணி நேரத்தில் இமை தொங்கும், பேச்சு குழறும், பிறகு மூச்சு திணறும். அடுத்த வரைவில் இதை முதலில் எழுது. முடித்ததும் வகுப்பில் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார். எந்தத் தேர்வில் அவள் விரல் தயங்குகிறது என்று குறித்து அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா