மாவளி வட்டமும் மினுக்கும் பேய்களும்

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலைத் தெருக்களில் சிறுவர்கள் மாவளி சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பனம்பூவைச் சுட்டெடுத்த கரித்தூளைத் துணியில் சுருட்டிக் கட்டி, பனைமட்டைத் துண்டுகளுக்கிடையே இறுக்கி, கயிற்றில் பிணைத்துத் தீயிட்டுச் சுழற்றுவார்கள். எந்தக் கணத்திலும் நெருப்பு ஓரிடத்தில்தான் இருக்கிறது. நமக்குத் தெரிவதோ நெருப்பு வட்டம்! (சிதறும் பொறிகளும் வட்டத்தை நிரப்ப உதவுகின்றன. ஆகவே இருட்டறையில் ஓர் ஊதுவத்தியைச் சுழற்றிப் பார்ப்பதே சரியான சோதனை.)

ஒளி மறைந்த பின்னும் அதன் உணர்வு சிறிது நேரம் கண்ணில் தங்குகிறது. இதுவே பார்வை நிலைப்பு. அந்நேரம் ஏறத்தாழ 1/16 நொடி எனப் பாடநூல்கள் கூறும். உணர்வு சட்டென்று அணைவதில்லை, படிப்படியாகத் தேய்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்தப் பார்வை நிலைப்பை நம்பி ஒரு வீடியோ விளையாட்டே செய்யப்பட்டது. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1980-இல் வெளியிட்ட பாக்-மேன் விளையாட்டை அறிவீர்கள். டோரு இவடானி என்பவர் வடிவமைத்தது. வாய் திறந்த மஞ்சள் வட்டம் புள்ளிகளைத் தின்றுகொண்டு ஓடும்; நான்கு பேய்கள் துரத்தும். விளையாட்டுக் கூடங்களில் காசு போட்டு ஆடிய இதனை, 1982-இல் அட்டாரி 2600 என்னும் வீட்டுக் கருவிக்கு மாற்றி எழுதினார் டாட் ஃபிரை. கூடத்துப் பெட்டியில் நிரலுக்கு மட்டுமே 16 கிலோபைட் இடம் இருந்தது. வீட்டுக் கெசட்டிலோ படம், ஒலி, நிரல் எல்லாவற்றுக்கும் சேர்த்தே 4 கிலோபைட்தான்.

அதைவிடப் பெரிய நெருக்கடி நினைவகத்தில் இருந்தது. அக்கருவியின் தற்காலிக நினைவகம் 128 பைட், அதாவது 1,024 பிட். திரையிலோ 160 × 192 = 30,720 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றாலும் படத்தில் முப்பதில் ஒரு பங்குக்கு மேல் அதில் சேமிக்க இயலாது. அப்படியானால் படம் எங்கிருந்து வந்தது?

எங்கும் சேமிக்கப்படவில்லை என்பதே விடை. பழைய படக்குழாயில் எலெக்ட்ரான் கற்றை திரையை வரி வரியாக வருடிச் செல்லும். ஒரு வரிக்கு ஆகும் நேரம் சுமார் 64 மைக்ரோ நொடி. கற்றை ஒரு வரியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் என்ன தெரியவேண்டும் என்பதைச் செயலி சொல்லிக்கொண்டே போகவேண்டும். செயலியின் துடிப்பு நொடிக்குச் சுமார் 11.9 இலட்சம், ஆக வரிக்கு 76 துடிப்பு. ஒவ்வொரு கட்டளைக்கும் குறைந்தது 2 துடிப்பு தேவை. எனவே ஒரு வரிக்கு 38 கட்டளைகளுக்கு மேல் இடமில்லை! ஓடும் வண்டிக்கு முன்னே தண்டவாளம் போடுவது போன்ற வேலை இது.

மேலும், அக்கருவியின் மின்சுற்று ஒரு வரியில் 8 புள்ளி அகலமுள்ள இரண்டு நகரும் உருவங்களையே தரும். தேவையோ ஐந்து. ஃபிரை ஓர் உருவத்தைப் பாக்-மேனுக்குக் கொடுத்தார். மற்றொன்றை நான்கு பேய்களும் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டன. முதல் படத்தில் முதல் பேய், அடுத்த படத்தில் இரண்டாம் பேய் என்று சுற்றி வரும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நொடிக்கு 60 படங்கள்; ஆகவே ஒவ்வொரு பேயும் நொடிக்கு 60/4 = 15 முறை மட்டுமே தோன்றியது.

போதுமா? போதாது. திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள்தாம் என்றாலும், மூடி ஒவ்வொரு படத்தையும் இருமுறை மறைத்துக் காட்டுவதால் 48 ஒளிவீச்சுகள் கிடைக்கின்றன. 15 என்பது மிகக் குறைவு. 1/15 நொடி இடைவெளியில் உணர்வு தேய்ந்துவிடும். படக்குழாயின் ஒளிர்பூச்சு சிறிது கைகொடுத்தாலும் மினுக்கல் தெரியவே செய்யும். பேய் உமிழும் சராசரி ஒளியும் கால் பங்குதான். பேய்கள் மங்கி மினுங்கின. பேய்க்கு இது பொருத்தம்தானே என்று கேட்காதீர்கள். கூடத்தில் ஆடிப் பழகியவர்கள் அப்படி நினைக்கவில்லை. விளையாட்டு 70 இலட்சத்துக்கு மேல் விற்றது, ஏமாற்றமும் அதே அளவில் பரவியது. 1983-இல் அமெரிக்க வீடியோ விளையாட்டுத் தொழில் சரிந்தபோது பழியில் ஒரு பங்கு இதன்மேல் விழுந்தது. ஒரு நிரலின் தலையில் இவ்வளவையும் ஏற்றுவது நியாயமன்று என்பது என் கருத்து.

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. இரு பேய்கள் வெவ்வேறு உயரத்தில் இருந்தால், மேலே ஒன்றை வரைந்து முடித்தபின் அதே உருவத்தைக் கீழ் வரிகளில் மற்றொன்றுக்குப் பயன்படுத்தலாம். ஒரே வரியில் மோதும்போது மட்டும் முறைவைத்தால் போதும். அதே கருவிக்கு அடுத்து வந்த மிஸ் பாக்-மேன் இவ்வாறே செய்தது. மினுக்கல் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதன் கெசட் 8 கிலோபைட்!

1990-களில் நம் ஊர்க் கடைகளில் 'டி.வி. கேம்' என்று விற்றவற்றில் பல, 1983-இல் ஜப்பானில் வந்த ஃபாமிகாம் கருவியின் நகல்கள். அதில் ஒரு வரிக்கு 8 உருவங்கள் வரை வரும். ஒன்பதாவது நுழைந்தால் அங்கும் மினுக்கல்தான். உங்கள் அண்ணனோ மாமாவோ ஆடியிருப்பார், கேட்டுப் பாருங்கள்.

இப்போது ஒரு கணக்கு. இந்தியத் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 50 படங்கள். நான்கு பேய்களும் ஓர் உருவத்தைப் பகிர்ந்தால், ஒரு பேய் நொடிக்கு எத்தனை முறை தோன்றும்? மினுக்கல் அமெரிக்காவில் அதிகமா, இங்கே அதிகமா?