சுகமான பயணத்தின் விஞ்ஞானம்: சுருள்வில், டயர், எண்ணெய்

புதிதாக வாங்கப்பெற்ற உயர்ரக மோட்டார் வண்டியில் ஏறி அமர்வோர் அதன் மெத்தையையும் உட்புற அழகையும் கண்டு மகிழ்வது இயல்பு. ஆயினும் பயணத்தின் சுகத்தையும் வண்டியின் ஆயுளையும் பெரும்பாலும் நிர்ணயிப்பவை கண்ணிற்கு எளிதில் படாத மூன்று பொருள்களே. அவை வண்டியின் உடலைத் தாங்கும் சுருள்வில், தரையைத் தொடும் டயர், எஞ்சினுள் ஓடும் மசகெண்ணெய் ஆகியவை. இவற்றின் தத்துவத்தை அறியாமையால், சுகம் வேண்டி டயரின் காற்றைக் குறைப்போரும், எண்ணெயின் நிறத்தை மட்டும் பார்த்து அதனை மதிப்பிடுவோரும் உளர். முன்னது உயிருக்கும், பின்னது எஞ்சினுக்கும் கேடு விளைவிக்கக் கூடும். ஆகவே, பள்ளியில் கற்பிக்கப்படும் பௌதிகத்தைக் கொண்டே இம்மூன்றையும் ஆராய்வது பயனுடையதாகும்.

உடல் பொறுக்கும் அதிர்வு

மனிதன் நடக்கும்பொழுது வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி எடுத்து வைக்கிறான். ஒவ்வோர் அடிக்கும் உடல் ஒருமுறை உயர்ந்து தாழ்கிறது. இத்தகைய மெதுவான அசைவிற்கு உடல் பழகியுள்ளது. ஆனால் அமர்ந்திருப்பவரை மேலும் கீழுமாக வினாடிக்கு 4 முதல் 8 முறை அதிரச் செய்தால் அவர் மிகவும் துன்புறுகிறார். உடலின் உள்ளுறுப்புகள் இவ்வெல்லையில் ஒத்ததிர்வு கொள்வதே இதன் காரணம். ஆகவே, சொகுசு வண்டியை அமைப்போர் அதன் உடல் வினாடிக்கு 1 முதல் 1.5 முறை மட்டுமே ஊசலாடுமாறு சுருள்வில்லைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

இழுவிசைக்கேற்ப வில் நீளும் என்னும் விதியை ராபர்ட் ஹூக் 1678ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்விதியிலிருந்து எளிய கணக்கு ஒன்று கிடைக்கிறது. வண்டியின் பாரத்தால் வில் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால் வினாடிக்குரிய ஊசல் எண்ணிக்கை ஏறத்தாழக் கிடைக்கும். 4 சென்டிமீட்டர் அமுங்கும் விறைப்பான வில் வினாடிக்கு 2.5 முறை ஊசலாடும். 16 சென்டிமீட்டர் அமுங்கும் மென்மையான வில் 1.25 முறையே ஊசலாடும். 25 சென்டிமீட்டர் அமுங்கினால் ஊசல் வினாடிக்கு ஒன்றாகும்.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி வினாடிக்கு 10 மீட்டர் கடக்கிறது. சாலையில் 2 மீட்டருக்கு ஒரு மேடு இருப்பின், வண்டி வினாடிக்கு 5 முறை தாக்கப்படும். மென்மையான வில் இவ்விரைவான தாக்குதலில் பெரும்பகுதியை உடலுக்கு எட்டாதவாறு தடுத்துவிடுகிறது. ஆனால் 8 மீட்டருக்கு ஒரு மேடு இருப்பின் தாக்குதல் வினாடிக்கு 1.25 முறை நிகழும். அது மென்மையான வில்லின் இயல்பான ஊசலுடன் ஒத்துப்போவதால் வண்டி அலைமேல் ஓடம்போல் ஆடத் தொடங்கும். இதனைத் தடுப்பதற்கே அதிர்வுத் தணிப்பி பொருத்தப்படுகிறது. அதனுள் உள்ள எண்ணெய் நுண்துளைகள் வழியே பிதுங்கிச் செல்லும்பொழுது ஊசலின் சக்தி உஷ்ணமாக மாறி மறைகிறது. தணிப்பி பழுதுற்ற வண்டியில், வில் எவ்வளவு உயர்ந்ததாயினும் சுகம் இராது. டயரும் தரையைச் சரிவரப் பற்றாது.

முன் சக்கரம் மேட்டில் ஏறிய சிறிது நேரம் கழித்தே பின் சக்கரம் ஏறுகிறது. இதனால் வண்டி முன்னும் பின்னுமாகச் சாய்ந்தாடும். பின்புற வில்லை முன்புறத்தைவிடச் சற்று விரைவாக ஊசலாடுமாறு அமைத்தால், பிந்தித் தொடங்கிய பின்பகுதி விரைவில் முன்பகுதியுடன் ஒன்றுசேர்ந்து சாய்ந்தாட்டம் அடங்கும். இவ்வுண்மையை 1930களில் அமெரிக்காவில் மாரிஸ் ஆலி என்னும் பொறியியல் நிபுணர் ஆராய்ந்து விளக்கினார்.

பாரத்தைத் தாங்குவது காற்றே

காற்றடைத்த டயருக்கு 1845ஆம் ஆண்டில் ராபர்ட் வில்லியம் தாம்சன் உரிமை பெற்றார். அது வழக்கில் வராமற் போகவே, 1888ஆம் ஆண்டில் ஜான் பாய்டு டன்லப் அதனைச் சைக்கிளுக்கென மீண்டும் கண்டுபிடித்தார். 1946ஆம் ஆண்டில் மிஷலின் நிறுவனம் ரேடியல் டயருக்கு உரிமை பெற்றது. இன்றைய கார்களில் ஓடுவது இவ்வகையே.

1,600 கிலோகிராம் எடையுள்ள வண்டியில் ஒவ்வொரு சக்கரமும் சராசரியாக 400 கிலோகிராம் பாரத்தைத் தாங்குகிறது. டயரிலுள்ள காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 32 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.25 கிலோகிராம் எனக் கொள்வோம். 400ஐ 2.25ஆல் வகுத்தால் 178 சதுர சென்டிமீட்டர் கிடைக்கிறது. இது விரித்த கை ஒன்றின் பரப்பளவே. வண்டி ஓடுவதும் திரும்புவதும் நிற்பதும் இத்தகைய நான்கு சிறு பரப்புகளை நம்பியே நிகழ்கின்றன.

டயரின் பக்கத்தில் 245/45 ஆர் 18 என்று பொறிக்கப்பட்டிருந்தால், அதன் அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 45 பங்கு, ரிம்மின் விட்டம் 18 அங்குலம் என்பது பொருள். இதன்படி பக்கச்சுவர் 110 மில்லிமீட்டர் உயரமுள்ளது. 225/55 ஆர் 17 என்னும் டயரில் அது 124 மில்லிமீட்டர். 245/40 ஆர் 19 என்பதில் 98 மில்லிமீட்டர். மூன்றின் வெளிவிட்டமும் ஏறத்தாழ 68 சென்டிமீட்டரே. பார்வைக்கு அழகான பெரிய ரிம்மை விரும்புவோர், 26 மில்லிமீட்டர் காற்று மெத்தையை விலையாகக் கொடுக்கின்றனர் என்பதை உணர வேண்டும். பக்கச்சுவர் குறுகினால் திருப்பங்களில் வண்டி உறுதியாக நிற்கும். எனினும் குழிகளின் தாக்குதல் உடலில் மிகுதியாகத் தெரியும். ரிம்மும் எளிதில் நெளியும்.

சுகத்திற்காகக் காற்றைக் குறைப்பது பெருந்தவறாகும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அளவுமீறி வளைந்து நிமிர்கிறது. 68 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 470 முறை சுழல்வதால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அதே இடம் நிமிடத்திற்கு 780 முறை வளைகிறது. இவ்வளைவினால் பிறக்கும் உஷ்ணம் ரப்பரையும் உள்ளிருக்கும் நூலடுக்குகளையும் பிரித்துவிடும். கோடையில் நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும். மாறாக, அளவிற்கு மிஞ்சிக் காற்றடைத்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும். தரையைத் தொடும் பரப்பும் குறையும்.

அழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்பொழுதே அளக்க வேண்டும். 25 டிகிரி சென்டிகிரேடில் 32 பவுண்டு காட்டும் டயர், ஓடிச் சூடேறி 55 டிகிரியை அடைந்தால் ஏறத்தாழ 37 பவுண்டு காட்டும். இது வாயு விதியின் இயல்பான விளைவேயன்றிக் குறையன்று. அப்பொழுது காற்றை வெளியேற்றினால், டயர் குளிர்ந்தபின் அழுத்தம் தேவைக்குக் கீழே இறங்கிவிடும். நைட்ரஜன் அடைத்த டயரும் இவ்விதிக்கு உட்பட்டதே. சாதாரணக் காற்றிலும் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் உள்ளது.

தொழிலாளர் ‘பட்டன்’ என்று கூறும் பள்ளக்கோடுகளின் அடியில் சிறு மேடுகள் உண்டு. டயர் தேய்ந்து அவற்றின் மட்டத்தை அடைந்தால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது என்பது அறிகுறி. அதன்பின் மழையில் நீரை ஒதுக்கும் ஆற்றல் டயருக்கு இராது. பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்க எண் டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2723 என்பது 2023ஆம் ஆண்டின் 27ஆவது வாரமாகும்.

எஞ்சினைக் காக்கும் மெல்லிய படலம்

1883ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்பவர் ரயில் வண்டியின் பேரிங்குகளை ஆராய்ந்தார். பேரிங்கின் மேற்புறத்தில் இட்ட துளை வழியே எண்ணெய் பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தபோது, அத்தக்கை வெளியே தள்ளப்பட்டது. சுழலும் தண்டே எண்ணெயை இடுக்கில் இழுத்து அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது இதனால் புலனாயிற்று. 1886ஆம் ஆண்டில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். எஞ்சினின் கிராங்குத் தண்டும் இவ்வாறே, தலைமயிரினும் மிக மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மீது மிதந்து சுழல்கிறது.

எண்ணெய் மிக நீர்த்திருந்தால் படலம் அறுந்துபோகும். மிகக் கெட்டியாயிருந்தால் குளிர்ந்த எஞ்சினில் விரைந்து பரவாது. 5டபிள்யூ-30 என்னும் குறியில் முதல் எண் குளிர்நிலைப் பாகுத்தன்மையையும், இரண்டாவது எண் சூடேறிய நிலையின் பாகுத்தன்மையையும் காட்டுகின்றன. நுண்ணிய இடைவெளிகளுடன் அமைக்கப்பட்ட இன்றைய எஞ்சினில், வண்டியின் கையேடு கூறும் வகையையே ஊற்ற வேண்டும்.

எண்ணெய் உராய்வைக் குறைப்பதோடு உஷ்ணத்தை எடுத்துச் செல்கிறது. கரியையும் அழுக்கையும் தன்னுள் ஏந்திக்கொள்கிறது. எனவே எண்ணெய் கறுப்பது அது பணியாற்றுவதன் அறிகுறியே. நிறம் மாறாதிருப்பினும் அதிலுள்ள காப்புப் பொருள்கள் தீர்ந்திருக்கலாம். அதனால் ஓடிய தூரத்தையும் கழிந்த காலத்தையும் கணக்கிட்டே எண்ணெயை மாற்ற வேண்டும். இன்று பல நிறுவனங்கள் 10,000 முதல் 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அதனைக் கெடுவாகக் கூறுகின்றன. நாள்தோறும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் எஞ்சின் முழுச்சூடு பெறாமையால், நீரும் பெட்ரோலும் எண்ணெயில் கலந்து தங்கிவிடும். புழுதியிலும் நெரிசலிலும் ஓடும் வண்டிக்கும் முன்னதாகவே எண்ணெய் மாற்றுதல் நலம்.

முன்னாளில் புதிய எஞ்சினின் முதல் எண்ணெயைச் சில நூறு கிலோமீட்டரிலேயே வடித்துவிடுவது வழக்கமாயிருந்தது. பாகங்கள் துல்லியமாகக் கடையப்படும் இக்காலத்தில் பெரும்பாலான வண்டிகளுக்கு அது விதிக்கப்படுவதில்லை. கையேடு கூறுவதே முடிவானது. வடித்த எண்ணெயை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டலாகாது. மறுசுத்திகரிப்பிற்கு உரிமம் பெற்றவர்களிடம் சேர்ப்பிக்க வேண்டும். மின்கலத்தால் இயங்கும் கார்களுக்கு எஞ்சின் எண்ணெய் தேவையில்லை. எனினும் மின்கலத்தின் மிகுந்த எடையால் டயரின்மீது கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

ரப்பர் நாடாவில் கல்லைத் தொங்கவிட்டு, நாடா நீண்ட அளவையும் ஒரு நிமிடத்தில் நிகழும் ஊசல்களையும் மாணவர் குறித்து, மேற்கூறிய கணக்குடன் ஒப்பிடலாம். கல்லை நீரில் மூழ்கியவாறு ஆடவிட்டால் தணிப்பியின் பணி விளங்கும். நல்லெண்ணெயைக் குளிர்ந்த நிலையிலும், வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கிய நிலையிலும் ஒரே புனலின் வழியே வடியவிட்டு நேரத்தை அளந்தால் பாகுத்தன்மை கண்கூடாகும். பள்ளிக்கு வரும் வண்டியின் காற்றழுத்தத்தைக் காலையிலும், ஓடி வந்தபின்னும் அளந்து பார்க்கும் மாணவன், சூடான டயரிலிருந்து காற்றைக் குறைக்கும் தவற்றைப் பின்னாளில் செய்யமாட்டான்.