டீக்கடைக்காரர் கவுன்சிலராகலாமா?

டி. கல்லுப்பட்டியில் டீக்கடை வைத்திருக்கிறேன். அடுத்த பேரூராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நிற்க ஆசை. 'கடையை விற்றால்தான் கவுன்சிலராக முடியும்' என்று மனைவி பயமுறுத்துகிறார். உண்மையா?
– வாசகர், டி. கல்லுப்பட்டி

கடையில் கை வைக்க வேண்டாம். 2022 பிப்ரவரி 19-ல் நடந்த தேர்தலில் பேரூராட்சி வார்டுக்கு டெபாசிட் 1,000 ரூபாய்தான். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 500. செலவு உச்சவரம்பே 17,000. அதைத் தாண்டச் சட்டம் விடாது என்று வீட்டில் சொல்லுங்கள்.

வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். பேரூராட்சியின் ஏதாவது ஒரு வார்டு வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் போதும். முன்மொழிபவர் மட்டும் நீங்கள் நிற்கும் வார்டுக்காரராக இருக்க வேண்டும். சொத்து வரி, குடிநீர்க் கட்டண பாக்கியை இப்போதே கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது வார்டு ஒதுக்கீட்டை. பாதி இடங்கள் பெண்களுக்கு. உங்கள் வார்டும் அப்படி ஆகிவிட்டால், பயமுறுத்துகிறவரையே வேட்பாளராக்கிவிடுங்கள்!

ஒரே எச்சரிக்கை: ஓட்டுக்காக ஓசி டீ ஊற்றாதீர்கள். கடையும் நஷ்டம், சட்டப்படி அது லஞ்சமும்கூட.