இளம் வயதில் ஓயாத வயிற்றுக் கோளாறு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கல்லூரிக்கோ வேலைக்கோ போகும் பிள்ளைக்கு மாதக்கணக்கில் வயிறு சரியில்லை. சாப்பிட்டதும் உப்பிக்கொள்கிறது, ஒரு வாரம் வயிற்றுப்போக்கு, அடுத்த வாரம் மலச்சிக்கல். ஹாஸ்டல் சாப்பாடு, பரோட்டா, உடம்புச் சூடு என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மருந்துக் கடையில் கேஸ் மாத்திரை வாங்கியதும் பேச்சு முடிந்துவிடுகிறது. என்ன நோய் என்பது மட்டும் கடைசிவரை தெரிவதில்லை. அதைத் தெரிந்துகொள்ளவிடாமல் தடுக்கும் நம்பிக்கைகள் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: "இந்த வயசுல பெரிய நோய் எதுவும் வராது."

உண்மை: இளம் வயதில்தான் தொடங்கும் குடல் நோய்கள் உண்டு. குரோன்ஸ் நோயும் பெருங்குடல் புண் அழற்சியும் பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் தலைகாட்டுகின்றன. குடல் காசநோயும் இளைஞர்களை விட்டுவைப்பதில்லை. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி அல்லது வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. ரத்தம் போனால் மூலம்தான், சூடுதான் என்று வீட்டிலேயே முடிவுகட்டுவது ஆபத்து. மூலமா இல்லையா என்பதை மருத்துவர் பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: "நேரத்துக்குச் சாப்பிடாம அல்சர் வந்துடுச்சு."

உண்மை: இரைப்பைப் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா, அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரைகள். அந்தப் பாக்டீரியாவைக் கண்டறிந்த பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. காரமும் பட்டினியும் எரிச்சலைக் கூட்டலாம். புண்ணை உண்டாக்குவது அவையல்ல. பாக்டீரியா இருக்கிறதா என்று மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் பார்க்கலாம். அதற்கு முன்பு, மருத்துவர் சொல்படி, அமிலம் குறைக்கும் மாத்திரைகளை 2 வாரமும் ஆன்டிபயாட்டிக்கை 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் பாக்டீரியா இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

நம்பிக்கை: "ஸ்கேன் நார்மல். வயித்துல ஒண்ணுமில்ல."

உண்மை: வயிற்று அல்ட்ராசவுண்ட் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் ஆகியவற்றை நன்றாகக் காட்டும். குடலின் உள்சுவரில் இருக்கும் சிறு புண்களை அதில் பார்க்க முடியாது. வாய்வழி எண்டோஸ்கோபி சிறுகுடலின் தொடக்கம் வரைதான் போகும்; பெருங்குடலையும் சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் பார்க்கக் கொலனோஸ்கோபி வேண்டும். எல்லோருக்கும் அது தேவைப்படாது. ரத்த அணுக்கள், தைராய்டு, மலத்தில் கால்புரோடெக்டின் போன்ற எளிய பரிசோதனைகளே முதல் படி. கால்புரோடெக்டின் என்பது குடலில் அழற்சி இருக்கும்போது வெள்ளணுக்கள் வெளிவிடும் புரதம். அதன் அளவு கூடியிருந்தால் உள்ளே பார்ப்பது அவசியமாகிறது.

நம்பிக்கை: "தொக்கம் எடுத்தா சரியாகும். யாரோ மருந்து வச்சிருக்காங்க."

உண்மை: சாப்பிட்ட உணவு சில மணி நேரத்தில் இரைப்பையை விட்டு இறங்கிவிடும்; மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்காது. நன்றாக இருந்த பிள்ளை இளைத்துக்கொண்டே போவதைப் பார்க்கும் பெற்றோரின் பயம் நியாயமானது. ஆனால் அந்த இளைப்புக்குப் பின்னால் காசநோயோ குடல் அழற்சியோ தைராய்டு கோளாறோ இருக்கலாம். வைத்த மருந்தை வெளியேற்றுவதாகச் சொல்லி, குடல் சுருங்கியிருப்பவருக்குக் கடும் பேதி மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நம்பிக்கை: "கோதுமையை நிறுத்திப் பார்த்தா தெரிஞ்சுடும்."

உண்மை: கோதுமையிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். ஆனால் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும். முன்கூட்டி நிறுத்திவிட்டால் நோய் மறைந்துகொள்ளும். 2016இல் வெளியான இந்திய ஆய்வின்படி, வட இந்தியாவில் நூறில் ஒருவருக்குச் சற்று மேலும், தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவருக்கும் இந்நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. நம் பக்கத்தில் பால் ஒத்துக்கொள்ளாதவர்களே அதிகம்.

நம்பிக்கை: "குடல்ல புண் தெரிஞ்சாச்சு. இனி மருந்துதானே?"

உண்மை: மிகவும் பொறுமை வேண்டிய கட்டம் இதுதான். குடல் காசநோயும் குரோன்ஸ் நோயும் சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தையே அதிகம் தாக்குகின்றன. இரண்டிலும் வலி, காய்ச்சல், எடைக் குறைவு. கொலனோஸ்கோபியிலும் ஒரே மாதிரிப் புண்கள். சிகிச்சையோ நேரெதிர். குரோன்ஸ் நோய்க்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து தருவார்கள். காசநோயாளி அதைச் சாப்பிட்டால் கிருமி உடல் முழுதும் பரவலாம். குரோன்ஸ் நோயாளி காசநோய் மருந்தையே நம்பியிருந்தால் குடல் சுருங்கிக்கொண்டே போகும். அதனால்தான் திசுப் பரிசோதனை, கிருமியின் மரபணுப் பரிசோதனை, சிடி ஸ்கேன் என்று வரிசையாகக் கேட்கிறார்கள். அப்போதும் தெளிவாகாவிட்டால் காசநோய் மருந்து கொடுத்துவிட்டு, சில மாதங்களில் மறுபடி கொலனோஸ்கோபி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பதுண்டு. மருத்துவர் தடுமாறுகிறார் என்று நினைத்து நடுவில் ஆஸ்பத்திரி மாற்றாதீர்கள். காசநோய் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

நம்பிக்கை: "பொண்ணுங்களுக்கு வயித்து வலி சகஜம்."

உண்மை: மாதவிலக்கை ஒட்டிப் படுக்கவைக்கும் வலியும், அந்நாட்களில் மலம் கழிக்கும்போது வலியும் இருந்தால் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும். கல்யாணம் ஆகட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

நம்பிக்கை: "எல்லா டெஸ்டும் நார்மல். எல்லாம் மனசுதான்."

உண்மை: டெஸ்ட் எல்லாம் நார்மலாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால் அது எரிச்சல் குடல் நோயாக இருக்கலாம். அது கற்பனையல்ல. குடல் பார்வைக்கு நன்றாக இருந்தும், அதன் அசைவும் வலி உணர்வும் மாறியிருக்கும். இந்நோயை அடையாளம் காண மருத்துவர்கள் பயன்படுத்தும், 2016இல் வந்த ரோம் அளவுகோலின்படி, கடந்த 3 மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். மலம் கழிப்பது, மலத்தின் தன்மை மாறுவது, கழிக்கும் எண்ணிக்கை மாறுவது ஆகிய மூன்றில் இரண்டோடாவது அது தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். தொல்லை தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். உணவு மாற்றம், மருந்து, மன அழுத்தத்துக்கான சிகிச்சை மூன்றும் இதற்குப் பலன் தருகின்றன. "சும்மா நடிக்கிறான்" என்ற பேச்சு எந்தப் பலனும் தராது.

டாக்டரைப் பார்க்கப் போகுமுன் 2 வாரம் குறித்துவையுங்கள்: என்ன சாப்பிட்டது, எப்போது வலித்தது, எத்தனை முறை போனது, எடை எவ்வளவு. பழைய ரிப்போர்ட்டுகளையும் விழுங்கிய மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள்: என்ன நோய் என்று சந்தேகிக்கிறீர்கள்? அதை எப்படி உறுதி செய்வீர்கள்? இந்த மருந்து கேட்காவிட்டால் அடுத்து என்ன செய்வோம்? இந்தக் கேள்விகளை உங்கள் பிள்ளையே கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள்.