சிகிஹோர்: வைத்தியர் வீட்டுக்கு வழி

பிலிப்பைன்ஸின் விசாயாத் தீவுகளில் ஒன்றான சிகிஹோர், நாட்டு வைத்தியத்துக்கும் சூனியத்துக்கும் பேர்போனது. 'அங்கேயா போகிறீர்கள்?' என்று மணிலாவாசிகளே உங்களைத் தடுக்கக்கூடும். பயப்பட ஒன்றுமில்லை. சுளுக்குக்கும் காய்ச்சலுக்கும் ஊர்க்காரர்கள் போய் உட்காரும் வீட்டுக்குத்தான் நீங்களும் போகப்போகிறீர்கள். விருந்தாளிக்குரிய அடக்கம் இருந்தால் போதும்.

போகும் வழி
மணிலாவிலிருந்து துமகெத்தேக்கு விமானம்; அங்கிருந்து வேகப்படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தீவைச் சுற்றி வரும் சாலை சுமார் 72 கி.மீ. 'மனனம்பால்' எனப்படும் வைத்தியர்கள் பலர் மலைப்பகுதியில், சான் அந்தோனியோ கிராமத்தை ஒட்டி இருக்கிறார்கள். செபுவானோவும் ஆங்கிலமும் பேசும் டிரைசைக்கிள் ஓட்டுநரை அமர்த்திக்கொண்டால், அவரே மொழிபெயர்ப்பாளரும் ஆகிவிடுவார்.

ஏற்ற காலம்
தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் வைத்தியர்கள் வேர், பட்டை, இலைகளைச் சேகரிக்கிறார்கள். புனித வாரத்தின் சனிக்கிழமையன்று பந்திலான் மலையில் கூடி, எல்லாவற்றையும் பெரிய கொப்பரையில் போட்டுக் காய்ச்சுகிறார்கள். அந்த வாரம் அறையும் படகும் கிடைப்பது கடினம்; முன்பதிவு செய்துவிடுங்கள். கூட்டம் வேண்டாமென்றால் மற்ற மாதங்களில் போகலாம்.

என்ன பார்க்கலாம்?
போலோ-போலோ: தண்ணீரும் ஒரு கல்லும் உள்ள கண்ணாடிக் குவளையை உடல்மீது நகர்த்தியபடி, மூங்கில் குழலால் ஊதுவார் வைத்தியர். நீர் கலங்கினால் நோய் வெளியேறுகிறது என்பது நம்பிக்கை. தெளிவாகும்வரை நீரை மாற்றி மாற்றி ஊதுவார்.
துவோப்: போர்வைக்குள் உட்காரவைத்து மூலிகைப் புகை போடுவது. ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்க்கவும்.
ஹிலோத்: தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது. எலும்பு முறிவென்று சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே.

கடையில் வாங்க
மூலிகைகளில் பத்தை அந்நாட்டுச் சுகாதாரத் துறை பரிந்துரைக்கிறது. அதில் முதலில் நினைவுக்கு வருவது லகுந்தி, அதாவது நம் நொச்சி. இருமலுக்கான மாத்திரையாகவும் சிரப்பாகவும் மருந்துக்கடைகளிலேயே கிடைக்கும். பாகற்காய், பூண்டு, கொய்யா இலை, சீமை அகத்தி ஆகியவையும் பட்டியலில் உண்டு. 1997-இல் வந்த தனிச் சட்டம் ஒன்று பாரம்பரிய மருத்துவத்துக்கு அரசு ஆதரவும் தந்தது.

விலக வேண்டியது
கத்தியில்லாமல் கட்டியை எடுப்பதாகச் சொல்லும் 'மாய அறுவைச் சிகிச்சை' கைவித்தை; பணமும் காலமும் பாழ். அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஆண்டி காஃப்மன் புற்றுநோய்க்காக 1984-இல் பிலிப்பைன்ஸின் பாகியோ நகருக்கு வந்து இதைச் செய்துகொண்டார். அதே ஆண்டு மே மாதம் இறந்தார். நீங்கள் வழக்கமாக எடுக்கும் மாத்திரைகளை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

மரியாதை
பலரும் கட்டணம் என்று கேட்பதில்லை, காணிக்கைதான். எவ்வளவு கொடுப்பது முறை என்று ஓட்டுநரிடம் முன்பே கேட்டு, சில்லறை நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி பெற்றே படம் எடுங்கள். நோயாளியை எடுக்கவே வேண்டாம். எண்ணெய்ப் புட்டி வாங்கினால், விமானத்தில் பதிவுசெய்து அனுப்பும் பெட்டிக்குள் வையுங்கள். வேர், பட்டைகளை ஊருக்குக் கொண்டுவருவதானால் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள்.