கல்விக்கு என்றால் எல்லாம் இலவசமா?

"கல்விக்குத்தானே சார், யார் கேட்கப் போகிறார்கள்?"

குறுவள மையக் கூட்டம், ஆசிரியர்களின் வாட்சப் குழு, ஆண்டு விழா ஒத்திகை என்று எங்கே போனாலும் இந்த வாக்கியம் காதில் விழுகிறது. இப்போது அதற்குச் சட்ட முலாம் வேறு பூசிவிட்டார்கள். இணையத்தில் கிடைக்கும் படம், காணொளி, பிடிஎஃப் எதுவானாலும் பாடத்துக்காக எடுத்தால் பதிப்புரிமைச் சட்டம் கண்டுகொள்ளாதாம். கூகுளில் வந்துவிட்டாலே பொதுச்சொத்தாம். கீழே 'அதிகம் பகிரவும்' என்று ஒரு வரி. அந்த வரியைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இந்த வதந்தி சாகாமல் இருப்பதற்குக் காரணம், அதில் பாதி உண்மை என்பதுதான். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று நீண்ட பட்டியல் இருக்கிறது. கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுக்கலாம். அதை வினாத்தாளில் சேர்க்கலாம், விடைத்தாளில் எழுதலாம். பள்ளி நிகழ்ச்சியில் ஆசிரியர்களும் மாணவர்களும் நாடகம் போடலாம், பாடலாம். பார்ப்பவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளிச் செயல்பாடுகளோடு தொடர்புடையவர் என்ற வட்டத்துக்குள் இருந்தால் போதும்.

தாராளமான சலுகைதான். நீதிமன்றமும் அதைச் சுருக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய பெரிய பதிப்பகங்கள் 2012-ல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் அதன் வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடையின் மீதும் வழக்குப் போட்டன. பாடத்திட்டத்துக்கு வேண்டிய பக்கங்களைப் பல நூல்களிலிருந்து நகலெடுத்துத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றார்கள் என்பது புகார். 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டை விசாரித்த இரு நீதிபதிகள் அமர்வு அந்த டிசம்பரில் தீர்ப்பளித்தது. கற்பித்தல் என்பது வகுப்பில் பாடம் நடத்தும் நேரத்தோடு முடிவதில்லை, அதற்கு முன்னும் பின்னும் நடக்கும் வேலைகளும் அதில் அடங்கும் என்றது. 2017-ல் பதிப்பகங்கள் வழக்கையே கைவிட்டன.

நம் வாட்சப் சட்ட வல்லுநர்கள் இதுவரைக்கும் சரியாகச் சொல்கிறார்கள். பிறகுதான் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். எடுப்பது கற்பிக்கும் நோக்கத்துக்குத் தேவையான அளவாக இருக்க வேண்டும் என்றும் அதே அமர்வு சொன்னது. ஒளியியலில் ஒரு படம் வேண்டும் என்பதற்காக ஒரு புத்தகத்தையே ஸ்கேன் செய்து டெலிகிராமில் ஏற்றுகிறவருக்கு இந்தத் தீர்ப்பில் ஒதுங்க இடமில்லை.

பெரிய ஓட்டை இன்னொன்று. சட்டம் பேசுவது கற்பித்தலைப் பற்றி. உங்கள் பத்தாம் வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டில் காட்டிய அதே பவர்பாயின்ட்டை உங்கள் யூடியூப் சேனலில் ஏற்றி, விளம்பரத்தையும் இயக்கிவிட்டால் அது வெளியீடு. பார்ப்பவர் யார் என்றே உங்களுக்குத் தெரியாது. அதைக் கற்பித்தலின் போக்கு என்று வாதாடுவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடியதை நேரலையில் விட்டால், பெற்றோர் வட்டத்துக்குள் இருந்த நிகழ்ச்சி அந்த வட்டத்தைத் தாண்டிவிடுகிறது, சலுகை கூடவே வராது. யூடியூபின் தானியங்கிச் சோதனை 52-ஆவது பிரிவைப் படிப்பதில்லை. உரிமையாளரின் புகாரால் 90 நாட்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே மூடப்படலாம். பிறகு 'தமிழுக்கு எதிரான சதி' என்று பதிவு போடுவதில் பயனில்லை.

இதே ஆசிரியர்கள் எப்போது கொதிக்கிறார்கள் தெரியுமா? இரவெல்லாம் உட்கார்ந்து தயாரித்த ஒரு மதிப்பெண் வினா-விடைத் தொகுப்பு, ஏதோ ஒரு டியூஷன் சென்டரின் வாட்டர்மார்க்கோடு அவர்கள் குழுவுக்கே திரும்பி வரும்போது. அப்போது மட்டும் உழைப்புத் திருட்டு என்ற சொல் நினைவுக்கு வருகிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, படைப்பைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவருக்குத் தருகிறது. உரிமையை விற்றுவிட்ட பிறகும் அது அவரிடமே இருக்கும். உரிமை விவரங்களைத் தெரிந்தே, அனுமதியில்லாமல் நீக்குவதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்று 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. படத்தின் ஓரத்திலுள்ள பெயரை 'அழகுக்காக' கிராப் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் வகுப்பில் ஒரு படத்தைக் காட்டினார் என்று யாரும் வழக்குப் போடப்போவதில்லை, எனக்கும் தெரியும். என் கோபம் வேறு. நான் இயற்பியல் நடத்துகிறவன். பெயரையும் மூலத்தையும் வெட்டிய படத்தைச் சரிபார்க்க வழியில்லை. சரிபார்க்க முடியாத ஒன்றை அறிவியல் வகுப்பில் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து நாசா எடுத்த இந்தியா என்று ஒரு படம் ஆண்டுதோறும் சுற்றுகிறதே, அதை எத்தனை பள்ளிகளின் தகவல் பலகையில் பார்த்திருக்கிறேன்! அமெரிக்காவின் நோவா நிறுவன விஞ்ஞானி கிறிஸ் எல்விட்ஜ், செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு பல ஆண்டுகளின் இரவு விளக்குகளை ஒன்றாக அடுக்கி உருவாக்கிய படம் அது. 1992-க்கு முன்பே தெரிந்த விளக்குகளுக்கு வெள்ளை நிறம். 1992, 1998, 2003 ஆகிய ஆண்டுகளில் புதிதாகத் தெரிந்தவற்றுக்கு முறையே நீலம், பச்சை, சிவப்பு. ஊர்கள் எப்படி வளர்ந்தன என்று காட்டுவதற்காகப் பூசிய வண்ணத்தை நாம் மத்தாப்பு ஆக்கிவிட்டோம். 2012 நவம்பர் 12-ஆம் தேதி எடுத்த உண்மையான இரவுப் படத்தை நாசாவே வெளியிட்டு விளக்கம் கொடுத்தது. பட்டாசு, விளக்குகளால் கூடும் வெளிச்சம் விண்வெளியிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு மிகக் குறைவு என்றும் சொன்னது. முதல் படத்தோடு அதன் குறிப்பு ஒட்டிக்கொண்டே வந்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்குமா?

இன்னொன்று, எங்கள் பாடத்தின் தீராத தலைவலி. பூமி சூரியனைச் சுற்றும் படம். ஏறக்குறைய வட்டமான பாதையைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதுபோல் வரைவதால் அது நீண்ட முட்டை வடிவத்தில் தெரியும். மூலப் படத்தின் கீழே பெரும்பாலும் 'அளவுத்திட்டப்படி வரையப்படவில்லை' என்ற குறிப்பு இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் புண்ணியவான் அதை வெட்டிவிடுவார். அதைப் பார்க்கும் பிள்ளை, பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது கோடை என்று மனத்தில் எழுதிக்கொள்கிறது. பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜனவரி தொடக்கத்தில். மிகத் தொலைவில், ஏறக்குறைய 15.2 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜூலையில். கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்தில் பூமி விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. பருவங்களுக்குக் காரணம் அச்சின் 23.5 பாகைச் சாய்வு. மேல்நிலை வகுப்பில் இதைத் திருத்துவதற்கு நாங்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு மூச்சு வேண்டாம்.

முப்பது விநாடி வரை பாட்டை எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு விநாடிக் கணக்கே கிடையாது.

வட்டத்துக்குள் 'சி' போட்ட குறி இல்லாவிட்டால் உரிமை இல்லையாம். தவறு. படைத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. குறியும் பதிவும் கட்டாயமில்லை.

'நன்றி: கூகுள்' என்று போட்டால் போதும் என்பது எல்லாவற்றையும்விட அபத்தம். கூகுள் தேடித் தந்தது, வரையவில்லை. வரைந்தவர் பெயரைப் போட்டாலும் அது மரியாதை மட்டுமே, அனுமதி ஆகாது. இரண்டும் வேறு.

அரசுப் பாடநூல்தானே, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்கிறார்கள். அரசுப் படைப்புக்கும் பதிப்புரிமை உண்டு. தன் பாடநூல்களை அனுமதியின்றி அச்சிடுவோரையும் இணையத்தில் வெளியிடுவோரையும் என்சிஇஆர்டி 2024-ல் வெளிப்படையாகவே எச்சரித்தது.

மாணவர் கட்டுரையை இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்க மென்பொருள் வந்துவிட்டது என்று ஒரு புதுப் பேச்சு. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த மாதிரிக் கருவியை நம்பி ஒரு பிள்ளையைத் திருடன் என்று நிற்க வைக்காதீர்கள். எதிரே உட்கார வைத்து இரண்டு கேள்வி கேளுங்கள், எழுதியது யார் என்று தெரிந்துவிடும்.

பிள்ளைகளின் படத்தைப் பள்ளிப் பக்கத்தில் போடுவது நம் உரிமை என்கிறவர்களுக்கு: 2023-ல் நிறைவேறிய தனிநபர் எண்முறைத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. பெற்றோரைக் கேளுங்கள். வாயால் கேட்டால் போதாது, எழுதி வாங்குங்கள்.

அப்படியானால் படத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கூகுள் படத் தேடலில் 'கருவிகள்' என்பதை அழுத்தினால் 'பயன்பாட்டு உரிமைகள்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொண்டவற்றை மட்டும் பிரித்தெடுக்கலாம். அந்த உரிமத்திலும் வகைகள் உண்டு: பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்பது ஒன்று, மாற்றியதையும் அதே உரிமத்தில் விட வேண்டும் என்பது ஒன்று, வணிகத்துக்குக் கூடாது என்பது ஒன்று, மாற்றவே கூடாது என்பது ஒன்று. படித்துவிட்டு எடுங்கள், அரை நிமிட வேலை. நாசாவின் பெரும்பாலான படங்களுக்குப் பதிப்புரிமை இல்லை. என்சிஇஆர்டியின் திறந்த கல்வி வளக் களஞ்சியம் 2013 முதல் இருக்கிறது. தமிழ் இலக்கியத்துக்கு 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், நாட்டுடைமை நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் தமிழ் விக்கிமூலம் என்று கொட்டிக் கிடக்கிறது. பாரதியின் படைப்புகள் 1949-லேயே நாட்டுடைமை ஆகிவிட்டன. இவ்வளவு இருக்க, கைடு கம்பெனியின் பக்கத்தைப் படம் பிடிப்பானேன்?

இல்லாதது ஒன்று உண்டு. தமிழில் பாகம் குறித்த நல்ல அறிவியல் படங்கள். 2004 முதல் இயங்கும் விக்கிமீடியா காமன்ஸில் மனித இதயம் எத்தனையோ மொழிகளில் கிடைக்கிறது. தமிழில் தேடினால் சலித்துவிடும். இதைச் சொன்னால் நண்பர்கள் "ஆரம்பித்துவிட்டார்" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அங்குள்ள படங்களில் பல எஸ்விஜி வகையைச் சேர்ந்தவை. அவற்றில் எழுத்து தனியாக இருப்பதால் படத்தைத் தொடாமலே ஆங்கிலப் பெயரை எடுத்துவிட்டுத் தமிழ்ப் பெயரை இடலாம். ஹைடெக் லேபில் ஒரு பாடவேளை போதும், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். ஆய்வகத்தில் முப்பட்டகம் வழியே நிறப்பிரிகை தெரியும்போது கைப்பேசியில் எடுத்த படமும் உங்கள் சொந்தப் படைப்புதான், அதையும் ஏற்றலாம்.

எடுப்பதைப் பற்றி இத்தனை ஆண்டு வாதாடினோம். இந்தப் பருவம் முடிவதற்குள் ஒவ்வொரு அறிவியல் ஆசிரியரும் ஒரே ஒரு படத்தைத் திறந்த உரிமத்தில் கொடுங்கள். பதிவேற்றும் பக்கத்தில் மூலம், ஆசிரியர், உரிமம், விளக்கம் என்று இடங்கள் இருக்கும். விளக்கத்தைத் தமிழிலும் எழுதுங்கள். ஆசிரியர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள். மாணவர் வரைந்திருந்தால் வீட்டில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு அவர் பெயரையோ அவர் விரும்பும் புனைபெயரையோ போடுங்கள். அந்த இடங்களில் எதையும் காலியாக விட்டுவிடாதீர்கள்.