புல்தரைக்குப் பதில் பொடுதலை

கொரியன் புல்லுக்குச் சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றியே மாளாது. எடுத்துவிட்டு நம் மண்ணின் செடிகளை வைக்கலாம். முழுவதையும் ஒரே மூச்சில் பெயர்க்க வேண்டாம். ஒரு மூலையில் தொடங்குங்கள்.

கோடையில் புல்லை ஒட்ட வெட்டி, மண்ணை நனைத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களில் மண் அணைத்து 4 முதல் 6 வாரம் விடுங்கள். வெயிலே புல்லைக் கருக்கிவிடும். அருகும் கோரையும் மட்டும் லேசில் சாகாது. கிழங்கோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

நடவை ஆடி, ஆவணியில் வைத்துக்கொண்டால் வடகிழக்கு மழைக்குள் வேர் பிடித்துவிடும். தரையை மூடப் பொடுதலை. வாய்க்கால் ஓரத்தில் கிடைக்கும் கொடியைக் கணுவோடு கிள்ளி, ஒரு சாண் இடைவெளியில் ஊன்றினால் போதும். கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும்; அவ்வப்போது மிதித்தாலும் தாங்கும். அதன் குட்டிப் பூக்களுக்குத் தேனீ வரும்.

வேலியோரம் ஆவாரை, நொச்சி. ஆவாரை விதையின் தோல் கெட்டி. வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து விதையுங்கள். தோட்டத்தில் கறிவேப்பிலை இருந்து, அதில் புழு கண்டால் மருந்தடிக்காதீர்கள், பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்கலாம்.

நர்சரியில் அழகாகத் தெரியும் உன்னிச்செடியை மட்டும் வாங்காதீர்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காடுகளை அடைத்துக்கொண்டிருப்பது அதுதான்.